மூவேளைக்காரர்

தென்கொரியாவின் உல்சான் துறைமுக ஊர் ஆண்பிள்ளைக்கு வீட்டில் பேச மூன்று பேச்சு போதும் என்று நாடே கேலி செய்யும். வேலை முடிந்து வந்து வாசலில் ஷூவைக் கழற்றும்போது, “பிள்ளை எங்க?” மேசைக்கு முன்னால் உட்கார்ந்ததும், “சோறு.” விளக்கை அணைக்கும்போது, “தூங்கு.” அவ்வளவுதான், அன்றைய குடும்ப உரையாடல் முடிந்தது. பியோ தூமான் இந்த மூன்றிலும் முதலாவதை, மகள் நாரே கல்யாணமாகி சியோலுக்குப் போனபிறகு விட்டுவிட்டார். கேட்க ஆள் இல்லை. மிச்சம் இருந்த இரண்டை வைத்துக்கொண்டே காலம் தள்ளினார்.

வெளியில் அவர் ஊமை இல்லை. கப்பல் கட்டும் தளத்தில் வெல்டிங் ஆளாகச் சேர்ந்து ஃபோர்மனாக ஓய்வு பெற்றவர். கப்பலின் வயிற்றுக்குள் நின்றுகொண்டு அவர் போடும் சத்தத்தில் புதிதாக வந்த பையன்கள் பற்றவைக்கும் கம்பியைக் கீழே போட்டுவிடுவார்கள். உழைப்பாளி, அதில் சந்தேகமில்லை. கண் சிவந்து, சட்டையில் பொறி விழுந்த ஓட்டைகளோடு வீட்டுக்கு வருவார். சம்பளக் கவரைப் பிரிக்காமல் மனைவி கையில் கொடுத்தார். குடித்தாலும் அளவோடு குடித்தார். ஒருநாளும் கை நீட்டியதில்லை. இதையெல்லாம் தன்னுடைய நல்ல குணங்கள் என்று அவர் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தார். அந்த அடுக்கில் என்ன குறைகிறது என்று யோசிக்க ஓய்வுக்குப் பிறகு நிறைய நேரம் கிடைத்தது. யோசிக்கத்தான் இல்லை.

ஓய்வு பெற்ற ஆண் வீட்டில் உட்கார்ந்தால் அந்த வீட்டின் சமையலறை என்ன பாடுபடும் என்பதை அனுபவித்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். காலையில் சோறு, சூடான சூப், சுட்ட மீன். அந்தப் பாத்திரங்கள் காய்வதற்குள் மத்தியானத்துக்கு நூடுல்ஸ். சாயங்காலம் மறுபடி சோறு, மறுபடி சூப், காலையில் வைத்த அதே சூப்பாக இருக்கக் கூடாது. மனைவி ஓக்புன் வாய் திறந்து எதுவும் சொன்னதில்லை. அவள் சொல்லவில்லை என்பதையே அவர் சந்தோஷமாக இருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். சௌகரியமான கணக்கு.

வாரம் ஒருமுறை தளத்துப் பழைய சகாக்களோடு மலையேறப் போவார். உச்சிக்குப் போனதும் அரிசிக் கள்ளைத் திறந்து வைத்துக்கொண்டு வாயடிப்பார்கள். அங்கேதான் ஹாம் யாங்ஹோ அந்தக் கதையை எடுத்துவிட்டார். யாங்ஹோ பெயின்ட் பிரிவில் இருந்தவர், தூமானின் வயதுக்காரர், வாய்க்குப் பூட்டு இல்லாதவர்.

“ரிட்டயர் ஆன புருஷன்ல நாலு ஜாதி இருக்குடா. வீட்டுல ஒரு வேளைகூடச் சாப்பிடாதவன் இருக்கான் பாரு, அவனைப் பொண்டாட்டி ‘பட்டினி ஐயா அவர்களே’ன்னு கூப்பிடுவா. ஒரு வேளை சாப்பிட்டா ‘ஒருவேளை சார்’. ரெண்டு வேளைன்னா, சாரும் கிடையாது மோரும் கிடையாது, வெறும் ‘ரெண்டுவேளை’. மூணு வேளையும் உக்காந்து கொட்டிக்கிறான்ல, அவனுக்குப் பேரு ‘மூவேளைப் பய’.”

எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவர் தூமான். சிரித்து முடித்து, மலையிறங்கி, வீட்டுக்கு வந்து, ஷூவைக் கழற்றிவிட்டு, “சோறு” என்றார்.

யாங்ஹோ இன்னொன்றும் சொல்லியிருந்தார். “பெரிய அண்டா கீழ இறங்குதான்னு மட்டும் பாத்துக்க. அவ எலும்பு வாங்கிட்டு வந்து அண்டா நிறைய சூப்பு காய்ச்சறான்னா, எங்கயோ கிளம்பப் போறான்னு அர்த்தம். நீ அதையே சுடவச்சுச் சுடவச்சு குடிச்சுக்கிட்டுக் கிட.” இந்த நாட்டில் எலும்பு சூப் வாசனை வந்தால் நடுங்காத கிழவன் கிடையாது. தூமான் சிரித்துவிட்டாலும் விஷயத்தை மனதில் போட்டுக்கொண்டார். பால்கனி அலமாரியின் மேல்தட்டில் அண்டா கவிழ்ந்து கிடந்தது. சிகரெட் பிடிக்கப் போகும்போதெல்லாம் அதை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார். தூசி படிந்து கிடக்கும். நிம்மதியாகப் புகையை விடுவார். ஆபத்து அந்த வழியாகத்தான் வரும் என்று யார் சொன்னது என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

இலையுதிர் காலத்து அறுவடைப் பண்டிகை முடிந்த வாரம் வீட்டுக்கு ஒரு பெட்டி வந்தது. உள்ளே ஏர் ஃப்ரையர், சூடான காற்றிலேயே வறுத்தெடுக்கும் மெஷின். கூடவே ஓக்புன் கடைக்குப் போய், ஃப்ரீசரை இடமில்லாமல் மந்துப் பொட்டலங்களால் நிரப்பினாள். சோமாசி மாதிரி ஓரம் மடித்து, உள்ளே பன்றிக்கறியும் வெங்காயத்தாளும் பூரணமாக வைத்து, கல்லாக உறையவைத்த மந்து. பன்றிக்கறி போட்டது, புளித்த கோஸ் கிம்ச்சி போட்டது, இறால் போட்டது என்று எல்லாம் இருந்தது. தூமான் தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தவர் பார்த்தார். விலை குறைத்திருப்பான்போல என்று நினைத்துக்கொண்டு மூடினார்.

அன்று சாயங்காலம் டிவியில் பேஸ்பால் ஓடிக்கொண்டிருந்தது.

“ஏங்க, இங்க கொஞ்சம் வாங்க” என்று சமையலறையிலிருந்து ஓக்புன் கூப்பிட்டாள். “இது எப்படிப் போடறதுன்னு ஒரு தடவை பாத்துக்கங்க.”

“நான் எதுக்கு?”

“சும்மா பாத்து வச்சுக்கங்களேன்.”

“நீதான் இருக்கியே.” கண்ணை டிவியிலிருந்து எடுக்காமலே சொன்னார்.

ஓக்புன் தானே போட்டாள். பொன்னிறமாக வறுபட்ட மந்துவும், ஒரு கிண்ணத்தில் தொட்டுக்கொள்ள சாஸும் அவர் முன்னால் வந்தன. ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே தட்டைக் காலி செய்தார். காலித் தட்டுதான் அவர் கொடுக்கும் பாராட்டு, அதற்குமேல் எதிர்பார்ப்பது பேராசை.

அடுத்த வாரம் ஒரு காலை நேரம், சாப்பிட்டு முடித்துப் பல் குத்திக்கொண்டிருந்தவர் வாசலில் பை ஒன்று நிற்பதைப் பார்த்தார். ஓக்புன் கோட்டு போட்டுக்கொண்டிருந்தாள்.

“தோங்யோங் போறேன், தங்கச்சி வீட்டுக்கு. அங்க சிப்பி உடைக்கிற ஷெட்டுல ஆள் வேணுமாம்.”

“எத்தனை நாளைக்கு?”

“சீசன் முடியற வரைக்கும். வசந்தத்துல வந்து சொல்றேன்.”

“என்னத்தச் சொல்லுவ?”

“திரும்பி வர்றதா, வேண்டாமான்னு.”

தூமான் எழுந்து பால்கனிப் பக்கம் பார்த்தார். அண்டா இருந்த இடத்தில் இருந்தது. “சூப்பு எதுவும் காய்ச்சலையே நீ” என்றார், ஏதோ அவள் ஆட்டத்தின் விதியை மீறிவிட்டதுபோல.

“காய்ச்சினா நாலு நாள்ல தீந்துடும். ஃப்ரீசர் நிறைய மந்து இருக்கு. மெஷின் இருக்கு.”

கேட்க வேண்டியது எவ்வளவோ இருந்தது. என்ன ஆச்சு, நான் என்ன செய்தேன், யாராவது ஏதாவது சொன்னார்களா. ஒரு வாழ்நாள் பழக்கம் அவற்றையெல்லாம் தள்ளிவிட்டு முன்னால் வந்தது.

“அப்ப, சோறு?”

ஓக்புன் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூட அவருக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும். கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

மகள் நாரேவுக்கு விஷயம் முன்பே தெரிந்திருந்தது. போனில் அப்பாவுக்குப் பாடம் எடுத்தாள்.

“இதுக்கு டிவில ஒரு பேரு வச்சிருக்காங்கப்பா. கல்யாணப் பட்டமளிப்பு. விவாகரத்து கிடையாது. கோர்ட்டு, சண்டை எதுவும் இல்ல. படிச்சு முடிச்சாச்சு, கிளம்பறேன்னு வெளிய வர்றது. அம்மா இன்னும் முடிவு பண்ணல, யோசிக்கிறாங்க.”

“அவ பாஸாயிட்டா, அப்ப நான் என்ன, ஃபெயிலா?”

“நீங்க வகுப்புக்கே வரலையேப்பா.”

தூமான் போனை வைத்துவிட்டார். பெற்ற மகள் நாக்கிலும் இவ்வளவு விஷமா என்று இரண்டு நாள் குமைந்தார். மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார், ஏனென்றால் பசி. பேச்சுவாக்கில் நாரே சொன்ன ஒன்று அவரை நிமிர்ந்து உட்கார வைத்தது.

“அம்மா எப்ப பேசினாலும் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறாங்க. அப்பா சாப்பிட்டாரான்னு.”

“வேற?”

“வேற ஒண்ணும் கேக்கல. மறக்காம அதை மட்டும் கேட்டுடறாங்க.”

அந்த ஒரு வாக்கியத்தைத் தூமான் இறுகப் பிடித்துக்கொண்டார். சாப்பிட்டாரா என்று கேட்கிறாள். அப்படியென்றால் மனம் இங்கேதான் இருக்கிறது. மனம் இருந்தால் ஆள் வருவாள். இந்த ஊரில் பாசத்தைச் சொல்ல வேறு வார்த்தையும் கிடையாது, அவர் நினைத்தது தப்பு என்று சொல்லிவிட முடியாது.

“வெறும் வாய் மன்னிப்பெல்லாம் அம்மாகிட்ட எடுபடாது” என்றாள் நாரே. “வசந்தத்துல வர்றப்ப நீங்களா கையால ஒண்ணு சமைச்சு அம்மா முன்னாடி வைங்க. உக்கார வச்சுப் பரிமாறுங்க. அதைப் பாத்தா மனசு மாறலாம்.”

அப்படித்தான் அறுபதைத் தாண்டிய பியோ தூமான், தன் வீட்டுச் சமையலறைக்குள் முதல்முறையாகத் தண்ணீர் குடிக்க அல்லாமல் வேறு காரியத்துக்காக நுழைந்தார்.

முதல் நாள் ஒரு பொட்டலம் முழுவதையும் கூடையில் கொட்டி, குமிழைக் கடைசி எண்வரை திருப்பிவிட்டு டிவிக்குப் போனார். மேலே கருகி, நடுவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, அடியில் பனிக்கட்டியாகவே இருந்தது. இன்னொரு நாள் எண்ணெயே தடவாமல் போட்டார். மடித்த ஓரமெல்லாம் வெள்ளை வெளேரென்று காய்ந்து, கடித்தால் பல் போய்விடும்போல ஆனது. காய்கிறதே என்று அடுத்த தடவை கூடையில் தண்ணீரை ஊற்றினார். அதன் விளைவைச் சொல்லாமல் விடுவதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை. சோஜு சாராய பாட்டிலோடு ஆறுதல் சொல்ல வந்த யாங்ஹோ ஒன்றை எடுத்து மென்று பார்த்தார்.

“இது மந்துவா, இல்ல உன் பழைய வெல்டிங் கையுறையா?”

“தின்னுட்டுப் பேசு.”

“தின்னாத்தானே பேச முடியும். வாய்க்குள்ளயே நிக்குதே.”

தூமான் விடவில்லை. இரும்பைப் பதம் பார்த்த மனிதர், மாவு எம்மாத்திரம் என்ற வீம்பு ஒரு பக்கம். வசந்தம் வருகிறது என்ற பயம் ஒரு பக்கம். மெல்ல மெல்லப் பிடிபட்டது. உறைந்த மந்துவைத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுக்க வேண்டும், அப்போதுதான் ஓரம் காயாது. மேலே எண்ணெய் தடவ வேண்டும். ஒன்றையொன்று தொடாமல் வைக்க வேண்டும். பாதியில் நிறுத்தித் திருப்பிப் போட வேண்டும். கூடையைக் கழுவும்போது இடுக்கெல்லாம் பிசுக்கு ஒட்டிக்கொண்டு நகத்துக்குள் ஏறியது. இத்தனை வருஷமாக இந்தப் பிசுக்கெல்லாம் எங்கே போயிற்று என்று அப்போதுதான் அவருக்குத் தோன்றியது. தோன்றியதும் சங்கடமாக இருந்தது, அதனால் குழாயை வேகமாகத் திறந்துவிட்டார்.

புத்தாண்டுக்கு ஓக்புன் வரவில்லை. சிப்பிக்கு அதுதான் உச்ச நேரம் என்று மகளிடம் சொல்லி அனுப்பினாள். அண்ணன் வீட்டு முன்னோர் படையலுக்குத் தூமான் தனியாகப் போய், “அவளுக்குக் காய்ச்சல்” என்றார். அண்ணி, “பாவம்” என்று சொன்ன தோரணையிலேயே சொந்தபந்தம் முழுவதற்கும் விஷயம் தெரியும் என்று புரிந்தது. அவமானம் பிடுங்கித் தின்றது. அன்றைய படையல் சோறு அவருக்கு இறங்கவே இல்லை.

மந்து கைவந்த பிறகு சாஸ் பாக்கி இருந்தது. சோயா சாஸ், வினிகர், மிளகாய்த்தூள், எள், நறுக்கிய வெங்காயத்தாள். எல்லாம் போட்டும் ஓக்புன் வைக்கிற மாதிரி இல்லை. என்னவோ குறைந்தது. ஒவ்வொரு கவளத்துக்கும் அதைத் தொட்டுத் தின்றவர், அதில் என்ன இருந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. மகளைக் கேட்டார்.

“பச்சைப் பிளம் ஊறவச்ச பாகு ஒரு ஸ்பூன் ஊத்துவாங்க. பால்கனில ஜாடி இருக்கும் பாருங்க.”

ஜாடி இருந்தது. ஊற்றினார். அதே ருசி வந்துவிட்டது. நாக்கில் பட்டதும் கண் கலங்கியது, மிளகாய்த்தூள் என்று சொல்லிக்கொண்டார். பிறகு இன்னொரு கேள்வி கேட்டார், வாழ்க்கையில் முதல்முறையாக.

“நாரே, உங்கம்மாவுக்கு மந்து எப்படி இருந்தா பிடிக்கும்?”

மகளும் அதை யோசித்ததில்லை.

“தெரியலப்பா. வெடிச்சதைத்தான் சாப்பிடுவாங்க.”

“வெடிச்சதையா?”

“ஆமா. ஓரம் விட்டுப்போயி பூரணம் வெளிய வந்து கிடக்குமே, அதெல்லாம் அம்மா தட்டுக்குத்தான் போகும். எனக்குத் தெரிஞ்ச நாள்லேருந்து அப்படித்தான்.”

இந்த மனிதரை என்னவென்று சொல்வது. அந்தப் பதிலைக் கேட்டு அவர் மனம் குளிர்ந்துவிட்டது. தன் மனைவிக்குப் பிடித்தது ஒன்று தனக்குத் தெரிந்துவிட்டது. வெடித்த மந்து. அவளுக்கென்று ஒரு ருசி, அதைக் கண்டுபிடித்த கெட்டிக்காரர் தான். வெடிக்காமல் எடுக்கக் கற்றுக்கொண்டவர், இனி வெடிக்க வைக்கப் பழகினார். ஓரத்தில் கத்தியால் லேசாகக் கீறிவிட்டு, சூட்டைக் கொஞ்சம் கூட்டினால் பூரணம் அழகாகப் பிதுங்கிக்கொண்டு வந்தது. நல்ல மந்து எடுப்பதற்குப் பட்ட பாட்டைவிட இதற்கு அதிகம் பட்டார்.

செர்ரி மரங்கள் பூத்து, தெருவில் பூவிதழ் பறந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஓக்புன் வந்தாள். தலைமுடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தாள். கடல்காற்றில் முகம் கறுத்திருந்தது. சிப்பிக் கத்தி பட்ட கீறல்கள் விரலெல்லாம் இருந்தன. ஆனால் ஆள் நன்றாக இருந்தாள், அதுதான் தூமானுக்கு முதலில் உறைத்தது. தன்னை விட்டுப் போனவள் கொஞ்சமாவது வாடியிருப்பாள் என்று எதிர்பார்த்திருந்தார்.

“உக்காரு” என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததே இல்லை.

ஓக்புன் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள். அவர் சமையலறையில் மந்துவை முக்கி எடுத்ததையும், எண்ணெய் தடவியதையும், இடைவெளி விட்டு அடுக்கியதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மெஷின் பாதியில் சத்தம் கொடுத்ததும் பழக்கத்தில் எழப் பார்த்தாள்.

“நீ உக்காரு. நான் பாத்துக்கறேன்.”

உட்கார்ந்தாள். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

இரண்டு தட்டு வந்தது. பொன்னிறமாக, ஓரம் பிரியாமல், முழுசாக இருந்தவை அவருடைய இடத்தில் போயின. பிதுங்கி, கிழிந்து, பூரணம் கருகி ஒட்டிக்கொண்டிருந்தவற்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தார். சாஸ் கிண்ணத்தை நடுவில் வைத்தார்.

ஓக்புன் தன் தட்டைப் பார்த்தாள். அவர் தட்டைப் பார்த்தாள்.

“ஏன் இதெல்லாம் இப்படி வெடிச்சிருக்கு?”

“உனக்காகத் தனியா வெடிக்க வச்சேன்.” பெருமை தாங்காமல் அவர் முகம் சிவந்திருந்தது. “உனக்கு வெடிச்சதுதானே பிடிக்கும்.”

“யாரு சொன்னா?”

“நாரே சொன்னா. சின்ன வயசுலேருந்து அம்மா அதைத்தான் சாப்பிடுவான்னு.”

ஓக்புன் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவள் குரலை உயர்த்தவில்லை.

“முழுசெல்லாம் உங்க தட்டுக்கும் அவ தட்டுக்கும் போயிட்டா, எனக்கு வேற எது மிஞ்சும்? அதைத் தின்னதுனால பிடிக்கும்னு ஆயிடுமா?”

தூமானுக்கு வெட்கம் காதுவரை ஏறியது. தன் தட்டை எடுத்து அவள் முன்னால் தள்ளிவிட்டு, அவளுடையதை இழுத்துக்கொண்டார். கருகிய பூரணத்தை வாயில் போட்டார். கசந்தது. கசந்தாலும் நிறுத்தவில்லை.

ஓக்புன் முழு மந்து ஒன்றை எடுத்துச் சாஸில் தொட்டுக் கடித்தாள். மொறுமொறுவென்று சத்தம் கேட்டது. சூட்டை ஊதி ஊதிச் சாப்பிட்டாள். தூமான் நிமிர்ந்து பார்த்தார். தன் மனைவி சூடாக எதையும் சாப்பிட்டு அவர் பார்த்ததே இல்லை. அவர் சாப்பிடும்போதெல்லாம் அவள் அடுத்த தட்டுக்கு அடுப்பின் முன்னால் நின்றுகொண்டிருப்பாள். அவள் உட்காரும்போது அவர் பல் குத்திக்கொண்டு டிவிக்குப் போயிருப்பார். இத்தனை காலம் ஒரே வீட்டில் ஒரே உலையில் சாப்பிட்டும், இவள் சாப்பிடும் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

“பிளம் பாகு ஊத்திருக்கீங்க.”

“ம்.”

“நல்லா இருக்கு.”

அவள் அடுத்ததை எடுத்தாள். அதற்கடுத்ததை எடுத்தாள். தட்டு காலியாகிக்கொண்டே வந்தது. ஒவ்வொன்றாகக் குறையக் குறையத் தூமானின் நெஞ்சில் நம்பிக்கை ஏறியது. தப்புத்தான் செய்துவிட்டோம், வெடித்ததைக் கொடுத்தது மடத்தனம்தான், ஆனாலும் சாப்பிடுகிறாள், ரசித்துச் சாப்பிடுகிறாள். இனிமேல் தினமும் முழுசாகவே எடுத்து வைக்கலாம். அறையை ஒழித்துக் கூட்டி, அவளுடைய மெத்தையை வெயிலில் காயப்போட்டு எடுத்து வைத்திருந்தார். அதைச் சொல்லலாமா என்று யோசித்தார்.

ஓக்புன் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“ஷெட்டுல மத்தியானம் ஒரு அம்மா எல்லாருக்கும் சூப்பு காய்ச்சிக் கொண்டாந்து ஊத்துவா. நான் உக்காந்த இடத்துக்குக் கிண்ணம் வரும். முத நாள் என்னால குடிக்கவே முடியல. அப்புறம் பழகிடுச்சு. ஆனா, குடிக்கறப்பல்லாம் உங்க நெனப்பு வரும். இந்த மனுஷன் அங்க பட்டினி கெடக்கறாரோ, என்னத்தத் தின்னாரோன்னு. அதுதான் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அதனாலதான் முடிவு பண்ண முடியல.”

தூமான் எடுத்த மந்துவைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

“இன்னிக்குக் கண்ணால பாத்துட்டேன். நல்லாவே பண்றீங்க. சாஸ்கூட என்னோடது மாதிரியே இருக்கு. இனி எனக்குக் கவலை இல்லங்க. தங்கச்சி வீட்டுக்குப் பக்கத்துல ஒரு சின்ன அறை பாத்து வச்சிருக்கேன். அங்கயே இருந்துக்கறேன்.”

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்தபோது, கத்த வேண்டும்போலிருந்தது, அவளைப் பார்த்து அல்ல. சாப்பிட்டாரா என்ற அந்த ஒரு கவலைதான் இவ்வளவு மாதமும் அவளை இந்த வீட்டோடு கட்டி வைத்திருந்த கயிறு. குளிர்காலம் முழுவதும் இவர் சமையலறையில் நின்று, தண்ணீரில் முக்கி, எண்ணெய் தடவி, திருப்பிப் போட்டு, அந்தக் கயிற்றைத்தான் பதமாக அறுத்திருக்கிறார். பட்டினி கிடந்திருந்தால் வந்திருப்பாள்.

“எனக்கு இது ஒண்ணுதான் தெரியும்” என்றார் அவசரமாக. “சத்தியமா. குக்கர்ல சோறு வைக்கக்கூடத் தெரியாது. சூப்பு தெரியாது. மீன் சுடத் தெரியாது.”

“இதைக் கத்துக்கிட்டவருக்குக் குக்கர் என்ன பெரிய விஷயம். தண்ணி அளவு நாரே சொல்லுவா.” அவள் அன்பாகத்தான் சொன்னாள். அந்த அன்பு அவரை அறைந்தது.

ஓக்புன் எழுந்து கோட்டை மாட்டினாள். போகாதே என்று சொல்ல வேண்டும். நீ இல்லாமல் முடியவில்லை என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லும் வார்த்தைகள் இருக்கின்றன, ஊரில் மற்றவர்கள் சொல்கிறார்கள், டிவியில்கூடச் சொல்கிறார்கள். தூமான் வாசல்வரை பின்னாலேயே போனார். அவள் குனிந்து ஷூ மாட்டும்வரை நின்றார்.

“ராத்திரி சாப்பிட்டுட்டுப் போயேன்.”

“இப்பதானே வயிறு முட்டச் சாப்பிட்டேன்” என்றாள் ஓக்புன். “உடம்பைப் பாத்துக்கங்க, நாரே அப்பா.”

லிஃப்ட் கீழே இறங்கும் சத்தம் நிற்கும்வரை அவர் வாசலிலேயே நின்றார். மேசையில் போன் அடித்தது. நாரே.

“அப்பா, அம்மா சாப்பிட்டாங்களா?”

“சாப்பிட்டா.”

“மிச்சம் வச்சாங்களா?”

“இல்ல. எல்லாத்தையும் சாப்பிட்டா.”

“என்ன சொன்னாங்க?”

“நல்லா இருக்குன்னு சொன்னா.”

“பாத்தீங்களா, நான் அப்பவே சொன்னேன்ல” என்றாள் மகள், குரலில் அவ்வளவு சந்தோஷம். “எங்க, போனை அம்மாகிட்ட குடுங்க.”